தரம் பிரித்து வைத்த கற்கள்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளம் வாங்கும் இடத்தில் மட்டும்தான் செல்லுபடியாகும். மற்ற எல்லா இடத்திலும் அவள் கறாரக்கா. நகரசபைத் துப்புரவுப் பிரிவில் மேஸ்திரி. தெருவைப் பெருக்கிவிட்டு வந்து முடிந்தது என்று யாராவது சொன்னால், அவள் தெருவின் நடுவை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். நேராக மின்கம்பத்தின் அடிக்குப் போவாள், சாக்கடை மூடியின் ஓரத்தைப் பார்ப்பாள், நிறுத்தி வைத்த வண்டிகளுக்கு அடியில் குனிவாள். அங்கே ஒரு காகிதம் கிடந்தால் போதும், அன்றைக்கு அந்த ஆளின் பாடு திண்டாட்டம்தான்.

அதைவிடப் பெரிய கறார் ஒன்று அவளிடம் உண்டு. அள்ளுகிற குப்பையைக் கலக்கக் கூடாது. கண்ணாடி தனி, செங்கல் தனி, மண் தனி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பல வருடம் குப்பைக் கிடங்கில் கையால் பிரிக்கிற இடத்தில் இருந்தவள். உடைந்த பாட்டில் ஒன்று இடது உள்ளங்கையை நீளமாகக் கிழித்த அன்றைக்கு எடுத்த முடிவு அது. மேஸ்திரி ஆன பிறகு அதையே தனக்குக் கீழே இருந்த எல்லாருடைய தலையிலும் கட்டினாள். பின்னால் திட்டினாலும் முன்னால் பிரித்துத்தான் போட்டார்கள்.

வேலை தேடி வெளியூர் போன கணவன் முதலில் மாதத்துக்கு ஒருமுறை வந்தான், பிறகு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வரவே இல்லை. அதை அவள் பெரிய சோகமாகச் சொன்னதில்லை. "வந்தாலும் வீட்டைப் பெருக்கவா போறான்" என்பாள். ஒரே மகள். அந்த மகள் கால்வாயைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டதுதான் அவள் வாழ்க்கையின் பெரிய கலவரம்.

அந்த நகரத்தைக் கால்வாய் இரண்டாகப் பிரித்தது. இந்தக் கரை மேட்டுப் பக்கம், அந்தக் கரை பள்ளப் பக்கம். உண்மையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பாலத்தில் சைக்கிள் மிதிக்கிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். மேட்டுப் பக்கத்தார் தங்களை நாட்டின் பழைய சொந்தக்காரர்கள் என்றார்கள். பள்ளப் பக்கத்தார் பிழைக்க வந்தவர்களின் பேரன்மார் என்பது அவர்கள் பேச்சு. அந்தப் பாலத்தைக் கட்டினதே எங்கள் தாத்தாக்கள்தானே, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பள்ளப் பக்கத்தார் திருப்பிக் கேட்டார்கள். நாளெல்லாம் ஒரே சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஒருவரை ஒருவர் நம்பாமல் கதவைச் சாத்திக்கொள்கிற ஊர்.

கறாரக்கா மேட்டுப் பக்கத்தில் பிறந்தவள். மகள் காட்டிய மாப்பிள்ளை பள்ளப் பக்கத்தில் இருசக்கர வண்டி மெக்கானிக். முதலில் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். ஒருநாள் பையனைப் பார்த்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்று அவன் பட்டறைக்கே போனாள். அவன் ஒரு வண்டியை அக்கக்காகப் பிரித்துப் போட்டிருந்தான். திருகாணிகள் ஒரு டப்பாவில், வாஷர்கள் ஒரு டப்பாவில், ஸ்பிரிங்குகள் ஒரு டப்பாவில். அதைப் பார்த்ததும் அவள் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதி, அவன் "உட்காருங்க அத்தை" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டபோது இறங்கியது.

ஆனால் அவள் ஒருத்தி இறங்கி என்ன செய்ய? வாரம் ஒருமுறை மகள் வீட்டுக்குப் போவாள். அவள் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே நடந்த பேச்சு நின்றுவிடும். சம்பந்தியம்மா டிவியை அணைத்துவிட்டு, வெயில் எப்படிக் கொளுத்துகிறது என்று ஆரம்பிப்பாள். திரும்பி வந்து தன் தெருவில் தண்ணீருக்கு நின்றால் அங்கேயும் அதே கதைதான். அவளைக் கண்டதும் குரல்கள் தாழும். ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே, அந்தப் பக்கத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று வாயைக் கிண்டுவாள். குப்பை அள்ளுகிறவளுக்கு ஊர் வம்பையும் சேர்த்து அள்ள நேரமில்லை என்று சொல்லிவிட்டு கறாரக்கா குடத்தைத் தூக்கிக்கொள்வாள். இரண்டு கரையிலும் தன்னை வேவு பார்க்க வந்தவளைப் போல நடத்துகிறார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதில் அவளுக்கு வருத்தமும் உண்டு. மகளாவது முழுசாகத் தன்னிடம் இருக்கிறாள் என்று தேற்றிக்கொள்வாள்.

ஒவ்வொரு வருடமும் மேட்டுப் பக்கத்துச் சதுக்கத்திலிருந்து தேசப் பேரணி கிளம்பும். கொடியும் முரசும் முழக்கமுமாகப் பாலத்தைத் தாண்டி, பள்ளப் பக்கத்துக் கடைத்தெரு வழியாகப் போய் மைதானத்தில் முடியும். மைதானத்துக்குப் போகக் கால்வாய்க் கரையோடு நேரான சாலை ஒன்று இருக்கிறதே, அதில் போனால் ஆகாதா என்று பள்ளப் பக்கத்துப் பெரியவர்கள் கேட்டார்கள். சொந்த நாட்டில் எந்தத் தெருவில் நடக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று பேரணிக்காரர்கள் சொன்னார்கள். போன வருடம் கடைத்தெருவில் எங்கிருந்தோ ஒரு கல் வந்து முரசடிக்கிறவரின் நெற்றியில் விழுந்தது. பள்ளப் பக்கத்தான் எறிந்தது என்று இவர்களும், வழக்குப் போடுவதற்காகத் தங்கள் ஆளையே தாங்களே அடித்துக்கொண்டார்கள் என்று அவர்களும் இன்றுவரை சாதிக்கிறார்கள். இந்த வருடம் விஷயம் நீதிமன்றம் வரை போய், கடைத்தெரு வழியாகவே போகலாம், ஆனால் பாதையில் ஒரு கல் கூடக் கிடக்கக் கூடாது என்று உத்தரவாகி வந்தது.

கல் கிடக்கக் கூடாது என்று எழுதுவது சுலபம். பொறுக்குவது கறாரக்காவின் வேலை.

பேரணிக்கு முந்தின நாள் விடியும்போதே அவள் ஆட்களோடு சதுக்கத்தில் நின்றாள். அங்கே நடைபாதை ஓரக் கற்களைப் பெயர்த்துப் புதுசு போட்டுக்கொண்டிருந்தார்கள். மஞ்சளும் கறுப்பும் அடித்த பழைய கற்கள் உடைந்து குவிந்து கிடந்தன. அதையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு, பாலம் தாண்டிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தார்கள். செங்கல் துண்டு, ஓட்டுச் சில்லு, சாக்கடை ஓரத்துப் பாட்டில், எதையும் விடவில்லை. கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவர், எங்கள் கையில் கல் இருக்கக் கூடாது, அவர்கள் கையில் கொடிக்கம்பு இருக்கலாமா என்று கேட்டார். தன்னிடம் கேட்டுப் பயனில்லை என்று சொல்லிவிட்டு அவள் அவருடைய படிக்கட்டுக்கு அடியில் கிடந்த பாட்டிலையும் எடுத்தாள்.

மதியம் லாரி நிறைந்தது. ஆட்களில் இரண்டு பெண்களை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினாள். கிடங்கு மேட்டுப் பக்கத்துக்கும் அப்பால் இருக்கிறது. பாலத்துக்கு வந்தால், சொன்ன நேரத்துக்கு முன்பே தடுப்பு போட்டுவிட்டார்கள். லாரி நிறையக் கல்லைப் பார்த்ததும் காவலர்களின் முகம் மாறியது. நகரசபை லாரி என்று லாரிக்காரர் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். பேரணி முடியும்வரை நடந்து போகிறவர்களைத் தவிர சைக்கிள்கூட விட முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். லாரி நிற்கும் ஷெட்டு பள்ளப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் சரக்கோடு உள்ளே விட மாட்டார்கள். கல்லோடு லாரியை நடுத்தெருவில் நிறுத்துவதைவிட வேறு வினை வேண்டாம். எங்கேயாவது கொட்டிவிட்டு, பேரணி முடிந்ததும் வந்து அள்ளிக்கொள்ளலாம் என்றார் லாரிக்காரர்.

கறாரக்காவுக்கு அது பிடிக்கவில்லை. முப்பது வருட வேலையில் வழியில் கொட்டின பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் வேறு வழியும் தோன்றவில்லை. மருமகனின் பட்டறைக்குப் பின்னால் மூன்று பக்கமும் சுவர் வைத்த காலி மனை ஒன்று இருந்தது. வேறு யார் இடத்தில் கொட்டினாலும் சண்டைக்கு வருவார்கள், இது நம் பிள்ளைகளின் இடம்தானே என்று நினைத்தாள். அந்த ஒரு நினைப்பை அவள் பிற்பாடு எத்தனை தடவை சபித்திருப்பாள் என்று சொல்ல முடியாது.

பட்டறை பூட்டியிருந்தது. பின்பக்கச் சந்து வழியாக லாரியை விட்டுக் கொட்டினார்கள். கொட்டினதோடு போயிருந்தாலாவது குப்பை என்று தெரிந்திருக்கும். கறாரக்காவுக்கு அது ஆகாதே. இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டு, தானும் குனிந்து, கருங்கல்லை ஒரு குவியலாக, செங்கல்லை ஒரு குவியலாக, பாட்டில்களை ஒரு குவியலாகச் சுவரோரம் அடுக்கினாள். பிறகு, யார் கண்ணிலாவது பட்டு எடுத்து வீசத் தோன்றிவிடப் போகிறது என்று பயந்து, லாரியிலிருந்த தார்ப்பாயை இழுத்து மூடி, நான்கு ஓரத்திலும் கல் வைத்தாள். மகளுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினாள். வீட்டுக்குப் போனதும் அசதியில் அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை பேரணி கிளம்புகிற சதுக்கத்தில், பின்னாலேயே பெருக்கிக்கொண்டு போவதற்காகத் துப்புரவு ஆட்கள் விளக்குமாறுகளோடு நின்றார்கள். கூட்டத்தில் ஏதோ சலசலப்பு. ஒலிபெருக்கியில் ஒருவர், நம்மைக் கொல்லத் திட்டம் போட்டவர்கள் பிடிபட்டார்கள் என்று தொண்டை கிழியக் கத்தினார். லாரிக்காரர் கறாரக்காவைத் தனியே கூப்பிட்டுப் போனை நீட்டினார். அதில் அவளுடைய தார்ப்பாய். விலக்கின தார்ப்பாய்க்கு அடியில் அவளுடைய மூன்று குவியல்கள். தாக்குதலுக்குத் தரம் பிரித்து அடுக்கிய ஆயுதங்கள் என்று கீழே ஓடியது. பட்டறைக்காரன் கைது.

அவள் போனை வாங்கி முகத்துக்கு அருகில் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தாள்.

"அக்கா, வாயைத் திறக்காதீங்க" என்றார் லாரிக்காரர். "ரெண்டு நாள் வச்சிருந்துட்டு விட்டுடுவாங்க."

"என் மருமவன்யா அவன். நான் அடுக்கின கல்லுக்கு அவன் உள்ள கிடக்கணுமா?"

"நீங்க பொறந்தது இந்தப் பக்கம், பொண்ணு வாழறது அந்தப் பக்கம். நீங்க என்ன சொன்னாலும் எவனும் சொன்னபடி எடுத்துக்க மாட்டான். யோசிங்க."

அவர் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்கும் தெரிந்தது. வேலை போகலாம், வழக்கே வரலாம். யோசித்தபடியேதான் பாலத்தைப் பார்த்து நடந்தாள். விளக்குமாறு கையில் இருந்ததால் தடுப்பில் யாரும் அவளை நிறுத்தவில்லை.

காவல் நிலைய வாசல் பெஞ்சில் மகளும் சம்பந்தியம்மாவும் இருந்தார்கள். மகள் எழுந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேட்டுப் பக்கத்து ஆட்கள் கொண்டுவந்து கொட்டிவிட்டு மாட்டிவிட்டார்கள், என் பிள்ளை ஒரு எறும்பைக்கூட மிதித்ததில்லை என்று சம்பந்தியம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். கறாரக்கா மகளின் கையை மெல்ல விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் இரவெல்லாம் தூங்காத ஆள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். மருமகனுக்காக மாமியார் பழியைத் தலையில் போட்டுக்கொள்வதை இத்தனை வருட உத்தியோகத்தில் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். வந்த வழியே போகச் சொன்னார். அவள் நகரவில்லை.

"சார், கருங்கல் குவியலுக்கு அடியில பாருங்க. மஞ்சள், கறுப்பு அடிச்ச கல்லு இருக்கும். அது சதுக்கத்துல பேத்துப் போட்டது. இந்தப் பக்கம் எந்தத் தெருவுலயும் நடைபாதைக்குப் பெயின்ட் அடிச்சதே இல்ல."

அவர் சிரிப்பு நின்றது. வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசினார். பதில் வரும்வரை அவளை நிற்க வைத்தார். பதில் வந்தது, இருக்கிறது. அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள். அவசரப்பட்டு விட்டாள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் பார்வையே மாறிவிட்டிருந்தது.

"அப்ப மேட்டுப் பக்கத்துக் கல்லைக் கொண்டுவந்து பள்ளப் பக்கத்துல வச்சிருக்கே. யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல சார். பாலம் மூடிட்டாங்க."

"தார்ப்பாய் எதுக்கு?"

"யாரும் எடுத்து வீசிடக் கூடாதுன்னு."

"தனித்தனியா அடுக்கினது?"

"கண்ணாடி கலந்தா அள்ளும்போது கை கிழியும் சார்."

அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். பொய் சொல்கிறவர்கள் எங்காவது தடுமாறுவார்கள். இவள் தடுமாறவே இல்லை என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. லாரிக்காரரைப் பிடித்து வரச் சொன்னார். அவரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்வது போல அதுவும் தோன்றியது. ஆனாலும் மருமகனை வைத்திருக்க இனி காரணம் இல்லை. அவனை விட்டுவிட்டு, பேரணி தாண்டும்வரை இவளை உள்ளே உட்கார வைத்தார்.

மருமகன் வெளியே வந்தபோது உதடு வீங்கியிருந்தது, சட்டையில் பித்தான்கள் இல்லை. கறாரக்கா எழுந்து நின்றாள். அவளை எங்கே பார்த்தாலும் அத்தை என்று கூப்பிடாமல் அவன் போனதில்லை. அன்றைக்கு அவள் முகத்தை ஒரு முறை பார்த்தான். வாசலைத் தாண்டிப் போனான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முரசுச் சத்தம் வந்தது, தெருவை அடைத்துக்கொண்டு போனது, தேய்ந்தது. ஒரு கல்லும் விழவில்லை. எங்கள் ஒற்றுமையைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று பேரணிக்காரர்கள் சொன்னார்கள். எங்கள் பொறுமையால்தான் ஊர் தப்பியது என்று பள்ளப் பக்கத்தார் சொன்னார்கள்.

கல் யார் கொட்டியது என்பது பொழுது சாய்வதற்குள் இரண்டு கரையிலும் பரவிவிட்டது. ஆனால் இரண்டு விதமாக. மேட்டுப் பக்கத்தில், நகரசபை லாரியிலேயே மருமகனுக்குக் கல் சப்ளை செய்தவள், மாட்டிக்கொண்டதும் குப்பை என்று கதை கட்டிவிட்டாள் என்றார்கள். பள்ளப் பக்கத்தில், பேரணிக்காரர்கள் சொல்லித்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், மாப்பிள்ளைக்கே குழி பறித்தவள் என்றார்கள். பின்சந்து வீட்டுக்காரி ஒருத்தி, லாரி வந்ததைத் தான் ஜன்னல் வழியாகப் பார்த்ததாகவும், அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் மூடினாள் என்றும் சத்தியம் செய்தாள். அப்போது ஏன் சொல்லவில்லை என்று அவளை யாரும் கேட்கவில்லை. மஞ்சள் கறுப்புக் கல்தான் மருமகனை வெளியே கொண்டுவந்தது. அதே கல்லைத்தான் இரண்டு பக்கமும் அவளுக்கு எதிரான சாட்சியாகக் காட்டினார்கள். நகரசபையிலிருந்து விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது? அதைத்தான் ஒருவரும் கேட்கத் தயாராக இல்லை.

மறுநாள் அந்தக் கல்லை அள்ளுவதற்கும் அவளையேதான் அனுப்பினார்கள். கூட வர வேறு யாரும் சம்மதிக்கவில்லை. லாரிக்காரர் லாரியை விட்டு இறங்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார். ஜன்னல்கள் ஒவ்வொன்றிலும் ஆள் இருந்தது. அவள் இரும்புப் பாண்டுச் சட்டியில் கல்லை நிரப்பி, தூக்கி, லாரியில் கொட்டினாள். முதுகு விண்டு போயிற்று.

பட்டறையின் பின்கதவு திறந்து மகள் வந்தாள். அம்மாவுக்கு உதவத்தான் வருகிறாள் என்று நினைத்துக் கறாரக்கா இன்னொரு பாண்டை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். மகள் அதைத் தொடவில்லை.

"அம்மா, என்கிட்ட மட்டும் சொல்லு. யாரு கொட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லலடி. நானாத்தான்."

"நீ நாளெல்லாம் என்னைப் பொய் சொல்லாதேன்னு வளர்த்தவ. அதனாலதான் கேக்குறேன்."

"நானாத்தான்" என்றாள் மறுபடியும். மகளுடைய கண்களையே பார்த்தாள். இன்ஸ்பெக்டர் பார்த்த அதே பார்வையாக அது இருந்தது, அழுகை மட்டும் கூடுதல்.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, போனை எடுத்து இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். எல்லாக் கல்லையும் எடுத்துக்கொண்டு போகிறவரை படம் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் வீட்டில். நாளைக்கு இன்னும் இரண்டு இருந்தது என்று யாராவது சொல்லிவிடக் கூடாது அல்லவா.

கறாரக்கா குனிந்து அடுத்த கல்லை எடுத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றாள் மகள். "உன் கை தெரியட்டும்."

அவள் தள்ளி நின்றாள். கையை வெளிச்சத்தில் நீட்டி, பாண்டில் ஒவ்வொரு கல்லாகப் போட்டாள்.